மரம் பிறந்த மண்
(தோட்ட மக்கள் மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





நாளை விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பெரட்டு முடிந்து, வாளியும் உளியுமாக நீங்கள் நிரைக்குள் நுழையும் நேரத்தில், பூமியின் மறுபக்கத்தில் ஓர் ஊரில் முதல் நாள் மாலை ஆறரை மணியாக இருக்கும். பிற்பகலில் கொட்டிய மழை ஓய்ந்து, தெருவெல்லாம் நிழல் தரும் மாமரங்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கும். அந்நகரின் பெயர் பெலேம். பிரேசில் நாட்டின் பாரா மாநிலத்திற்கு அதுவே தலைநகரம். நீங்கள் சீவப் போகும் மரத்தின் மூதாதையர் பிறந்தது அந்த மாநிலத்தில்தான். உலகச் சந்தை நம் சரக்கை நெடுங்காலம் 'பாரா ரப்பர்' என்றே அழைத்து வந்தது என்பதை நம் முதியோர் அறிவர்.

இதுவரை நம் நாட்டு மாநிலங்களைப் பற்றியே இம்மன்றங்களில் பேசி வந்தோம். இம்முறை கடல் கடந்து செல்வோம். நமக்குச் சோறு போட்ட மரம் தன்னைப் பெற்ற மண்ணுக்கு என்ன செய்தது என்று அறிந்துகொள்ளும் ஆவல் இயல்பானதுதானே!

சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள். தென்னமெரிக்கக் கண்டத்தின் தலைப்பகுதியில், அட்லாண்டிக் பெருங்கடலைப் பார்த்தபடி விரிந்து கிடப்பதுதான் பாரா. அதன் பரப்பு ஏறத்தாழ 12 லட்சத்து 45 ஆயிரம் சதுர கிலோமீட்டர். சபா, சரவாக் உட்பட நம் மலேசியா முழுவதையும் சேர்த்தாலும் 3 லட்சத்து 30 ஆயிரம்தான். ஆக, நம் நாட்டைப் போல மூன்றே முக்கால் மடங்கு பெரிய நிலம் அந்நாட்டில் ஒரு மாநிலம் மட்டுமே. அங்கே இதனினும் பெரிய மாநிலம் இன்னொன்றும் உண்டு; அதன் பெயர் அமேசானாஸ். ஆனால் பாராவின் மக்கள்தொகை 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 81 லட்சம்தான். நிலம் மிகுதி, ஆள் குறைவு. இந்த ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். பின்னே நாம் சொல்லப்போகும் துன்பங்கள் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

நிலநடுக்கோடு நம் தீபகற்பத்துக்குச் சற்றுத் தெற்கே ஓடுகிறது. பெலேம் நகருக்குச் சற்று வடக்கே ஓடுகிறது. ஆதலால் நமக்குள்ள அதே வெக்கை, அதே புழுக்கம், அதே பெருமழை அங்கும் உண்டு. கடலோரம் பெரும்பாலும் சேறும் அலையாத்திக் காடுமாகும். அமேசான் பேராறு கடலில் கலக்கும் முகத்தில் மராஜோ என்றொரு தீவு இருக்கிறது. ஆற்றுமுகத்துத் தீவுதான், ஆயினும் நம் பகாங் மாநிலத்தைவிடப் பெரியது! அத்தீவில் எருமைகள் ஏராளம். காவல் துறையினர் எருமை மீதேறி ரோந்து செல்லும் ஊரும் அங்கே உண்டு. எமனுக்குரிய வாகனத்தில் காவலர் வருவதைக் கண்டால் நம்மவர் என்ன நினைப்பரோ, தெரியவில்லை.

அமேசானுக்குத் தெற்கிலிருந்து தப்பஜோஸ், ஷிங்கு, தொக்கன்தின்ஸ் என்னும் பெரிய ஆறுகள் இம்மாநிலத்தின் ஊடே இறங்கி வருகின்றன. நெடுங்காலம் ஆறுகளே சாலைகள். 1960ஆம் ஆண்டில்தான் பெலேம் நகரைத் தலைநகர் பிரசீலியாவுடன் இணைக்கும் நெடுஞ்சாலை முடிந்தது. இன்றும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் படகிலேயே செல்லும் ஊர்கள் எண்ணற்றவை.

மக்கள் பெரும்பாலும் போர்த்துக்கீசியர், பழங்குடியினர், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர் ஆகிய மூவர் வழியும் கலந்து வந்தவர்கள். பேசுவது போர்த்துக்கீசிய மொழி. உணவு எது தெரியுமா? மரவள்ளிக் கிழங்கு மாவும் ஆற்று மீனும். ஜப்பானியர் காலத்தில் நம் முன்னோரின் உயிரைக் காத்த அதே மரவள்ளிதான். அதற்கும் தாய்மண் அந்தக் கண்டமே. மாவோடு சேர்த்து உண்பது அசாயி என்னும் கருநீலப் பழத்தின் கூழ். கமுகைப் போல மெலிந்து உயர்ந்த பனை ஒன்றில் அது காய்க்கிறது. நம் மரமேறிகள் காலில் தளைநார் மாட்டுவது போலவே அங்குள்ள இளைஞர்களும் பாதங்களில் வளையம் மாட்டிக்கொண்டு ஏறுகின்றனர். இப்பழத்திற்கு வெளிநாடுகளில் மதிப்பு கூடிய பின், அன்றாடம் அதை உண்டு வந்த ஏழைகளுக்கு விலை எட்டாமல் போகத் தொடங்கியது. விளைந்த பொருள் விலை ஏறும்போது விளைவித்தவர் தட்டில் அது குறைவது அங்கு மட்டும் நிகழ்வதன்று.

பெலேம் நகர் 1616ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டையிலிருந்து வளர்ந்தது. துறைமுகத்தருகே பெரிய சந்தை ஒன்று உள்ளது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'எடையைப் பார்' என்பதாகும். ஆற்று வழியே வந்த சரக்குகளை நிறுத்து அரசனுக்குரிய வரியைக் கழித்துக்கொண்ட இடம் அது. நாள்தோறும் ஸ்டோரில் வரிசையில் நின்று தம் பால் நிறுக்கப்படுவதை உற்றுப் பார்த்து நிற்கும் உங்களுக்கு இப்பெயரின் பொருளை விளக்க வேண்டியதில்லை. தராசு யார் கையில் இருக்கிறது, நிறுத்த பின் யாருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதே இந்த மாநிலத்தின் கதை.

இனி மரத்திற்கு வருவோம்.

காட்டில் நம் பால்மரம் நிரை கட்டி நிற்பதில்லை. ஓர் ஏக்கருக்கு ஒன்றுகூட அமையாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் நூறு, இருநூறு மரங்களைத் தேடிக் காட்டுக்குள் வளைந்து வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதைதான் அங்கே ஒருவருடைய நிரை. நீங்கள் ஐந்நூறு மரம் சீவும் நேரத்தில் அவர் நடந்தே களைத்துப் போவார். பிற்பகலில் பாலைச் சேர்த்து வந்து, பனங்கொட்டைகளை எரித்த புகையில் ஒரு கோலைச் சுழற்றிச் சுழற்றி, அதன்மேல் பாலை ஊற்றி, பெரிய கரிய உருண்டையாகத் திரட்டுவார். புகை கண்ணைக் கெடுக்கும். அந்த உருண்டையே பெலேம் வந்து கப்பல் ஏறியது.

1839இல் குட்இயர் என்பவர் கந்தகம் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் வழியைக் கண்டார். 1888இல் டன்லப் காற்றடைத்த சக்கரத்தைச் செய்தார். மோட்டார் வண்டியும் வந்தது. உலகம் முழுவதும் ரப்பர் கேட்டது. மிகுதியாகக் கொடுக்கவல்ல இடமோ அமேசான் காடுகளே. பெலேம் நகரில் பளிங்கும் தூண்களுமாக நாடக அரங்கு எழுந்தது. 1878இல் திறக்கப்பட்ட அவ்வரங்கை இன்றும் காணலாம்.

சீவியவர் நிலை என்ன? 1877 முதல் மூன்றாண்டுகள் பிரேசிலின் வடகிழக்கில் கொடிய பஞ்சம். சியரா மாநிலத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் காட்டுக்கு வந்தனர். கப்பல் கட்டணம் கடன், கத்தி கடன், மரவள்ளி மாவு கடன். முதலாளியின் கடையிலேயே வாங்க வேண்டும், முதலாளியிடமே ரப்பரை விற்க வேண்டும். கடைச் சரக்கின் விலையையும் ரப்பரின் விலையையும் அவரே குறித்தார், தராசும் அவருடையது. கணக்குத் தீரும் முன் ஊர் திரும்ப இயலாது. கங்காணி காலத்துப் பற்றுக் கணக்கைப் பற்றி உங்கள் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரே காலத்தில், ஒரே மரத்தின் அடியில், ஒருவரையொருவர் அறியாத இரு கூட்டத்தார் ஒரே வகைக் கடனில் கட்டுண்டு கிடந்தனர்.

அந்த 1876ஆம் ஆண்டில்தான் விக்கம் என்னும் ஆங்கிலேயர் தப்பஜோஸ் ஆற்றங்கரையில் போயிம் என்னும் சிற்றூரைச் சுற்றி ஏறத்தாழ 70,000 விதைகளைச் சேகரித்து இலண்டனில் உள்ள கியூ பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை ஏறத்தாழ 2,700. அவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அவ்வூர் மாவட்ட அலுவலகத்தருகே போற்றிக் காக்கப்பட்ட முதுமரத்தை உங்களில் சிலர் கண்டிருக்கலாம். பின் நடந்தது நீங்கள் அறிந்ததே. காடு அழிந்தது, நிரைகள் எழுந்தன, நாகப்பட்டினத்திலிருந்து கப்பல்கள் வந்தன. 1913ஆம் ஆண்டில் ஆசியத் தோட்டங்களின் ரப்பர் பிரேசிலின் காட்டு ரப்பரை அளவில் விஞ்சியது. விலை சரிந்தது. பெலேம் வணிக மாளிகைகள் மூடப்பட்டன. காட்டில் கடன்பட்டுக் கிடந்தவர்களைத் திரும்ப அழைத்துவரக்கூட யாரும் அக்கறை கொள்ளவில்லை.

'அவர்களும் நம்மைப் போல நிரையாக நட்டிருக்கலாமே' என்று நீங்கள் கேட்பீர்கள். நட்டார்கள். அமெரிக்காவின் மோட்டார் வண்டி மன்னர் ஹென்றி ஃபோர்டு, 1920களின் இறுதியில், தப்பஜோஸ் கரையில் ஏறத்தாழ பத்து லட்சம் ஹெக்டர் நிலம் பெற்று ஃபோர்டுலாந்தியா என்னும் தோட்டத்தைத் தொடங்கினார். அமெரிக்க பாணி வீடுகள், மருத்துவமனை, மணி அடித்தால் வேலை, மணி அடித்தால் சாப்பாடு. 1930 டிசம்பரில் உணவுக்கூடத்தில் எழுந்த பூசல் கலகமாயிற்று; தொழிலாளர் நேரம் பதியும் கடிகாரங்களை அடித்து நொறுக்கினர். மனிதரை ஒருவாறு அடக்கினார்கள். ஒரு பூஞ்சணத்தை அடக்க முடியவில்லை.

அதுதான் தென்னமெரிக்க இலைக்கருகல் நோய். காட்டில் மரங்கள் விலகி நின்றதால் அது பரவாது இருந்தது. நெருங்கி நட்டவுடன் இலைக்கு இலை, மரத்துக்கு மரம் பாய்ந்தது. 1934இல் ஃபோர்டு நிறுவனம் பெல்தேரா என்னும் வேறிடத்தில் மீண்டும் முயன்றது. பால் மிகுதிக்காகத் தென்கிழக்காசியத் தோட்டங்களில் தேர்ந்தெடுத்த ஒட்டுவகைகளையும் கொண்டுபோய் நட்டனர். தாய்வீடு திரும்பிய அந்தப் பிள்ளைகளையே நோய் முதலில் தின்றது. 1945இல் எல்லாவற்றையும் பிரேசில் அரசிடம் விற்றுவிட்டு ஃபோர்டு நிறுவனம் வெளியேறியது. ஹென்றி ஃபோர்டு ஒருமுறையேனும் அங்கு வந்து பார்த்ததில்லை.

இந்நோய் நம் பக்கம் வரவில்லை, வரவும் கூடாது. 1956ஆம் ஆண்டின் ஆசிய பசிபிக் பயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இதற்கெனவே தனிக் கட்டுப்பாடுகள் வகுக்கப்பட்டன. தென்னமெரிக்காவிலிருந்து வருவோரிடம் விமான நிலைய அதிகாரிகள் செடி, விதை, மண் பற்றிக் கேட்பதை வீண் தொல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

போர்க்காலத்தைப் பற்றியும் ஒரு சொல். 1942இல் மலாயா ஜப்பானியர் கையில் விழுந்ததும் நேசநாடுகளுக்கு ரப்பர் கிட்டவில்லை. அமெரிக்காவுடன் செய்த உடன்பாட்டின்படி பிரேசில் அரசு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை 'ரப்பர்ப் படைவீரர்' என்று பெயர் சூட்டி அமேசான் காடுகளுக்கு அனுப்பியது. காய்ச்சலாலும் பசியாலும் ஆயிரமாயிரம் பேர் மடிந்தனர். நம் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்துச் சென்றதும் அதே ஆண்டுகளில்தான். அவர்களுள் உயிரோடு எஞ்சியோர்க்கு 1988ஆம் ஆண்டு அரசியல் சட்டம் மாத ஓய்வூதியம் அளித்தது. நாற்பத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

ரப்பருக்குப் பின் பாரா எதைக்கொண்டு வாழ்கிறது? மண்ணைத் தோண்டி வாழ்கிறது. 1967இல் கராஜாஸ் மலைத்தொடரில், மரம் முளைக்காத வழுக்கைக் குன்று ஒன்றில் ஹெலிகாப்டர் இறங்கியது. கால் வைத்த இடமெல்லாம் இரும்பு! உலகின் மிகச் சிறந்த இரும்புத் தாதுக்களுள் ஒன்று அது. 1985இல் இருப்புப்பாதை முடிந்தது. நீளம் 892 கிலோமீட்டர். முந்நூற்று முப்பது பெட்டிகளை இழுத்துச் செல்லும் ரயில் ஒன்றின் நீளம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல். நம் தோட்டத்து இலாகா ஒன்றின் குறுக்கே அது கடந்து முடிவதற்குள் ஒரு மரத்தைச் சீவி அடுத்த மரத்துக்குப் போய்விடலாம். இந்த இரும்பு கப்பல் ஏறும் துறைமுகமோ பாராவில் இல்லை. அண்டை மாநிலமான மரஞ்ஞாவில் இருக்கிறது. தோண்டிய குழி இங்கே, துறைமுகத்தின் வேலைவாய்ப்பு அங்கே.

தொக்கன்தின்ஸ் ஆற்றில் 1984இல் துக்குருயி அணை எழுந்தது. அதன் மின்சாரத்தில் பெரும்பகுதி அலுமினிய ஆலைகளுக்குப் போயிற்று. அணையருகே வாழ்ந்த ஊர்கள் பல, தலைக்கு மேலே கம்பி ஓட, ஆண்டுக்கணக்கில் விளக்கின்றிக் கிடந்தன. லயத்து வாழ்க்கை அறிந்தவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவையன்றிப் பாக்சைட், செம்பு, கோக்கோ, மிளகு, கால்நடை ஆகியனவும் உண்டு. மனிதரைவிட மாடுகளே அங்கு அதிகம். பிரேசிலில் செம்பனை மிகுதியாக விளைவதும் பாராவில்தான். நம் தோட்டங்களைப் போலவே அங்கும் பால்மரத்தின் இடத்தில் செம்பனை வந்து நிற்கிறது பாருங்கள். பிரேசில் நாடு இன்று தனக்கு வேண்டிய ரப்பரில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. உள்நாட்டில் விளைவதிலும் பெரும்பகுதி, நோய் பரவாத வறண்ட காற்றுள்ள சாவ் பாவ்லோ மாநிலத்தினுடையது.

மிளகைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1929 முதல் ஜப்பானியக் குடியேறிகள் தொமே அசு என்னுமிடத்தில் குடியமர்ந்தனர். 1933இல் கப்பல் சிங்கப்பூரில் நின்றபோது அவர்களுள் ஒருவர் சில மிளகுக் கொடிகளை வாங்கிச் சென்றார். பிழைத்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. போருக்குப் பின் அவற்றின் வழிவந்த கொடிகளே அவ்வூரைச் செல்வ ஊராக்கின. பிறகு அங்கும் நோய் வந்தது. ஒரே பயிரை நம்பியதன் விலையை உணர்ந்த அவ்வுழவர், மிளகு, கோக்கோ, அசாயி, காட்டு மரங்கள் என ஒரே நிலத்தில் அடுக்கடுக்காக நடும் முறைக்கு மாறினர். இன்று பிற நாட்டவரும் அதைக் காணச் செல்கின்றனர். அங்கிருந்து விதை இங்கு வந்த கடனை இங்கிருந்து போன கொடி ஒருவாறு தீர்த்தது எனலாம்.

இனி ஆட்சிமுறை. பிரேசில், 26 மாநிலங்களும் ஒரு தலைநகர் வட்டாரமும் கொண்ட கூட்டரசு. நம் மாநிலங்களில் சட்டமன்றப் பெரும்பான்மை பெற்றவர் மந்திரி பெசார் அல்லது முதலமைச்சர் ஆகிறார். அங்கே மாநில ஆட்சித் தலைவரான ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். பதவிக்காலம் நான்கு ஆண்டு. தொடர்ந்து இருமுறைக்கு மேல் இருக்க இயலாது. பாராவின் சட்டமன்றத்தில் 41 உறுப்பினர்கள். மாநிலத்துக்குள் 144 நகராண்மைகள் உள்ளன. அவற்றின் தலைவர்களையும் மக்களே தேர்ந்தெடுப்பர். பதினெட்டு முதல் எழுபது வயது வரை வாக்களிப்பது கட்டாயம். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு வாக்குரிமை 1985இல்தான் கிட்டிற்று. அதற்கு முந்திய நூறாண்டுகளில் அங்கே மரம் சீவியவர்களுள் பெரும்பாலோர்க்கு எந்த ஆளுநரையும் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்ததில்லை என்பது இதன் பொருள்.

மாநிலத்துக்கு வருவாய் எங்கிருந்து வருகிறது? சரக்குகள் மீது விதிக்கும் வரியே முதன்மையானது. ஆனால் 1996இல் கூட்டரசு நிறைவேற்றிய ஒரு சட்டம், ஏற்றுமதியாகும் மூலப்பொருள்களுக்கு அவ்வரியிலிருந்து விலக்களித்தது. நாட்டின் ஏற்றுமதி பெருகியது உண்மை. ஆனால் மலை மலையாக இரும்பை அனுப்பும் பாராவுக்கு அதன்மேல் வரி கிடைக்கவில்லை. இழப்பை ஈடு செய்வது பற்றிய வழக்கு பல்லாண்டு நீடித்து, 2020இல்தான் மாநிலங்களுக்கும் கூட்டரசுக்கும் இடையே ஓர் இணக்கம் ஏற்பட்டது. இதற்கிடையே பாரா சட்டமன்றம் 2011இல் தாதுவுக்கு டன் கணக்கில் கண்காணிப்புக் கட்டணம் விதித்தது. சுரங்கத் தொழிலதிபர்கள் வழக்காடினர். 2022இல் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 'எடையைப் பார்' சந்தையின் பழைய தராசை மாநிலம் மீண்டும் தன் கையில் எடுத்துக்கொண்டது போலும்!

அதே 2011 டிசம்பரில் இன்னொரு பெரிய கேள்வியும் மக்கள் முன் வந்தது. தெற்கே கராஜாஸ், மேற்கே தப்பஜோஸ் எனப் பிரித்துப் பாராவை மூன்று மாநிலங்களாக்கலாமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. 'தலைநகர் நெடுந்தொலைவில் இருக்கிறது. எங்கள் குறை அங்கே கேட்பதில்லை' என்றனர் மேற்கிலும் தெற்கிலும் வாழ்வோர். 'கனிமத்தையும் அணையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டால் எங்களுக்கு என்ன மிஞ்சும்' என்றனர் பெலேம் வட்டாரத்தார். மக்கள்தொகை மிகுந்த இடம் பெலேம் வட்டாரம். மூன்றில் இரு பங்கினர் பிரிவினையை மறுத்தனர். மாநிலம் ஒன்றாகவே நிற்கிறது. மேற்கே சந்தரேம் நகரில் வாக்களித்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் பிரிவினை வேண்டும் என்று சொல்லியும் அது எடுபடவில்லை. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. இரு தரப்பு வாதத்திலும் நியாயம் இருந்தது.

நிலம் மிகுதி, ஆள் குறைவு என்று தொடக்கத்தில் சொன்னோம். அத்தகைய இடத்தில் நிலம் எளிதாகக் கிடைக்கும் என்று எண்ணத் தோன்றும். நடந்தது வேறு. சாலைகள் திறந்தவுடன் பணமும் ஆளும் படைத்தோர் காட்டை எரித்து, வேலியிட்டு, பட்டாவும் தேடிக்கொண்டனர். 1996 ஏப்ரல் 17ஆம் நாள் எல்டொராடோ தோ கராஜாஸ் என்னுமிடத்தில், நிலம் கேட்டுச் சாலையை மறித்த ஏழை உழவர்மீது மாநிலக் காவல் படை சுட்டதில் 19 பேர் மாண்டனர். கட்டளை தந்த அதிகாரிகள் இருவர் பின்னர் தண்டனை பெற்றனர். 2005இல், ஏழைக் குடியேறிகளுக்காக உழைத்து வந்த டோரதி ஸ்டாங் என்னும் கன்னிகாஸ்திரீ, 73 வயதில் காட்டுப் பாதையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2006 முதல் பல ஆண்டுகள் பிரேசிலிலேயே காடு மிகுதியாக அழிந்த மாநிலம் பாராதான். 2025 நவம்பரில் உலக நாடுகளின் தட்பவெப்ப மாநாடு பெலேம் நகரில் கூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயினும் ஒரு நல்ல செய்தி உண்டு. அது நம் தொழிலைச் செய்தவர்களிடமிருந்து வந்தது. அமேசானின் மேற்கோரத்து ஆக்ரே மாநிலத்தில் சிக்கோ மென்டிஸ் என்னும் மரம் சீவுவோர் சங்கத் தலைவர் ஒரு கோரிக்கை வைத்தார். 'காட்டைத் துண்டு போட்டு எங்களுக்கு விற்க வேண்டா. காடு அரசுடையதாகவே இருக்கட்டும். அதில் வாழ்ந்து, பால் எடுத்து, காய் பொறுக்கும் உரிமை மட்டும் எங்கள் குடும்பங்களுக்கு வேண்டும்' என்பதே அதன் சாரம். 1988 டிசம்பரில் அவரைக் கொன்றுவிட்டனர். கோரிக்கையைக் கொல்ல முடியவில்லை, அது சட்டமாயிற்று. 1998இல் பாராவிலும் தப்பஜோஸ், அரப்பியூன்ஸ் ஆறுகளுக்கிடையே அத்தகைய காப்புக்காடு ஒன்று அமைந்தது. விக்கம் விதை பொறுக்கிய போயிம் சிற்றூர் அதன் எல்லைக்குள் இருக்கிறது. ஆற்றின் எதிர்க்கரையில் தேசியக் காட்டுக்குள் வாழும் சில ஊர்களில் இன்றும் பால் எடுத்து, துணியில் தோய்த்துப் பையும், வண்ணமேற்றி அணிகலனும் செய்து விற்கின்றனர்.

முன்பு வேறொரு தோட்டத்தில் இவ்வுரையை ஆற்றியபோது, நாற்பதாண்டுக் காலம் மரம் சீவிய ஒரு பாட்டி எழுந்து, "ஐயா, அவர்கள் மரத்தில் மங்கு எப்படிக் கட்டுகிறார்கள்?" என்று கேட்டார். நமக்கு அன்று விடை தெரியவில்லை. பின்னர்த் தேடிப் படித்தோம். அந்தப் பாட்டி இதழைப் படிக்கக் கேட்பார் என்னும் நம்பிக்கையில் இங்கே சொல்லி வைக்கிறோம்: காட்டில் மரம் சீவியவர்கள் கம்பி கட்டியதில்லை. சிறிய தகரக் குவளையின் கூரிய விளிம்பைப் பட்டையிலேயே செருகி வைத்தனர். வேலை முடிந்ததும் குவளைகளைக் கழற்றி, மரத்தடியிலேயே கவிழ்த்து வைத்துவிட்டு வீடு திரும்பினர்.